குட்டனுக்கு முட்டை: ஆம் / இல்லை

முப்பத்து நாலு வருடம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, கடைசி ஆறு வருடம் கண்காணிப்பாளராக இருந்து, ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காமல் ஓய்வு பெற்றவன் நான். பெயர் தங்கையன். இதையெல்லாம் நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்வதில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம் என் மகன் ஜெப்சனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. சென்னையில் அவன் வளர்த்துவந்த இகுவானாவை நாகர்கோவிலில் எங்களிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினான். இகுவானா ஓணான் சாதிதான். நம் வேலியில் ஓடும் ஓணானை யாரோ நாலு வருடம் ஊட்டி ஊட்டி நாலு அடிக்கு வளர்த்துவிட்டது போல இருக்கும். பச்சை உடம்பு, முதுகில் சீப்புப் பல் போல முட்கள், தாடைக்குக் கீழே ஒரு தொங்குசதை. புதிதாகச் சேர்ந்த உதவியாளரை மேலதிகாரி பார்ப்பது போன்ற ஒரு பார்வை. அதன் பெயர் குட்டன்.

போகும்போது ஜெப்சன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். காலையில் வெயில் காய வேண்டும். உடம்பு சூடேறிய பிறகுதான் பசிக்கும். முருங்கைக்கீரை, அகத்தி, செம்பருத்தியின் இலையும் பூவும், துருவிய பூசணி, பயற்றம் பிஞ்சு. பழம் எப்போதாவது ஒரு துண்டு. எலும்புக்குக் கணவாய் மீனின் ஓட்டைப் பொடித்து ஒரு சிட்டிகை. கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான்: 'முட்டை, மீன், இறைச்சி கூடவே கூடாது. சிறுநீரகம் கெட்டுப்போகும்.'

நான் ஒரு கோப்பு திறந்தேன். 'குட்டன் – உணவு – நடப்பு' என்று அட்டையில் எழுதினேன். தினமும் காலை ஏழு மணிக்கு வடசேரி சந்தைக்குப் போய்க் கீரை வாங்கினேன். பத்து நாளானதும் கீரை விற்கும் அம்மா இரக்கத்தோடு கேட்டாள்.

"சாரே, வீட்டுல ஆருக்கு சீனி வியாதி?"

"ஆருக்கும் இல்லம்மா. ஓணானுக்கு."

மறுநாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு கீரையை மட்டும் கூடுதலாக வைத்தாள்.

கணவாய் ஓட்டுக்காகக் குளச்சல் போனேன். ஓடுகளைக் கழுவி, காயவைத்து, அம்மியில் பொடித்து, மஸ்லின் துணியில் சலித்தேன். என் மனைவி ரோஸ்லெட் அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆயி முப்பத்தோரு வருசம். எனக்கு ஒரு நாளு கீரை ஆஞ்சு தந்திருக்கியளா?"

"உனக்குக் கணவாய் ஓடு வேணுமாட்டி?" என்று கேட்டேன். அன்று மதியம் எனக்கும் கீரைதான் கிடைத்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செய்தித்தாளில் அந்த அறிவிப்பு வந்தது. அயல்நாட்டு உயிரினங்களை வளர்ப்போர் அயல் உயிரின ஊட்ட மேம்பாட்டு அலுவலகத்தில் முப்பது நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமாம். அதைப் படித்த நாற்பதாவது நிமிடம் நான் பஸ்ஸில் இருந்தேன். மாவட்டத்திலேயே முதலில் பதிவு செய்ய வந்தது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அலுவலகம் வடசேரியில், மிக்சி பழுது பார்க்கும் ஒரு கடையின் மாடியில் இருந்தது. அதற்கு முன் அது மாணவர் விடுதிகளின் சாப்பாட்டைக் கண்காணித்து வந்த பிரிவு. விடுதிகள் வேறு துறைக்குப் போய்விட்டன. அலுவலர்களும் அச்சடித்த ஒன்பதாயிரம் படிவங்களும் மிச்சம். ஒன்பதாயிரம் படிவங்களை வீணாக்கலாமா? அதனால் அயல்நாட்டு உயிரினங்களை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். படிவத்தில் 'மாணவர்' என்று இருந்த இடங்களை எல்லாம் பால்பாயிண்ட் பேனாவால் அடித்து, மேலே 'உயிரினம்' என்று ரப்பர் முத்திரை குத்தியிருந்தார்கள். குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் காலத்தில் வெள்ள நிவாரணப் படிவத்தை வறட்சிக்கு மாற்றியவன் நான். 'வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் வந்தது' என்ற கேள்வியை மட்டும் அடிக்க மறந்துவிட்டேன்.

உதவியாளர் அன்னக்கிளி என் விண்ணப்பத்தை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"சாரே, அஞ்சாம் கலம் காலியா கிடக்கு."

ஐந்தாம் கலம்: படிக்கும் வகுப்பு.

"பொருந்தாதுன்னு எழுதட்டா?"

"பொருந்தாதுன்னு எழுத மேல அனுமதி வாங்கணும். வயசு என்ன?"

"நாலு."

"அப்ப எல்.கே.ஜி."

எழுதினேன். தெளிவான கையெழுத்தில், பெரிய எழுத்தில்.

அதன் பிறகுதான் பதினேழாம் கலம் வந்தது. 'தினமும் அவித்த முட்டை ஒன்று வழங்கப்படுகிறதா? ஆம் / இல்லை. ஆம் எனில் தினசரிப் புகைப்படம் அனுப்புக.'

"இது கீரை மட்டும் தின்னுத சாதியாக்கும். இல்லைன்னு போட்டிரட்டா?"

அன்னக்கிளி கண்ணாடியைக் கழற்றினார். "போடலாம். ஆனா மேல கேள்வி வரும் சாரே."

இந்த வாக்கியத்தை முப்பத்து நாலு வருடம் நான் சொல்லியிருக்கிறேன். பட்டா கேட்டு வந்த கிழவர்களிடமும் வாரிசுச் சான்று கேட்டு வந்த விதவைகளிடமும் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் அவர்கள் தாளை மடித்து வைத்துக்கொண்டு நான் சொன்னபடி செய்தார்கள். அந்த 'மேல' எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எங்கள் அலுவலகத்துக்கு மாடியே கிடையாது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அதே வாக்கியத்தைக் கேட்டபோது நானும் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். 'ஆம்' என்பதை வட்டமிட்டேன்.

இங்கே என் குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரசுப் படிவத்தில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆம் என்று எழுதிவிட்டால் அதை உண்மையாக்கியாக வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் முட்டை வாங்கினேன்.

ரோஸ்லெட் அடுப்பை மறித்து நின்றாள்.

"பிள்ளை எழுதி வச்சிட்டுப் போயிருக்கான்லா?"

"அது வெறும் தாளு. இது படிவம்."

"மிண்டாப்பிராணி. நோவு வல்லதும் வந்தா வாய் தொறந்து சொல்லவா போவுது?"

"ஒரு முட்டையில என்ன வந்திரும்? நான் தின்னல்லியா?"

"உங்களுக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குத்தானே தெரியும்" என்றாள். ஆனாலும் வழிவிட்டாள்.

குட்டன் நாக்கை நீட்டி முட்டையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஒரே விழுங்கு. கண்ணை மூடிக்கொண்டு அவன் அதை உள்ளே இறக்கியதைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டாம் வாரத்திலிருந்து கீரையை ஒதுக்கிவிட்டு முட்டைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தான். ருசி கண்டுகொண்டான், நல்ல அறிகுறி என்று கோப்பில் குறித்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கள ஆய்வு. ஆய்வாளர் ஏசுஅடிமை மதியம் ஒன்றேகால் மணிக்கு வந்தார். குட்டன் முருங்கை மரத்தில் படுத்திருந்தான். ஆய்வாளர் கொல்லை வாசலைத் தாண்டவில்லை.

"கடிக்குமா சாரே?"

"கடிக்காது. வாலால அடிக்கும்."

"அப்ப அது அங்ஙனயே இரிக்கட்டு. விதிப்படி நான் உயிரினத்தைப் பாக்க வேண்டாம். அன்னைக்குச் சமைச்ச சாப்பாட்டை ருசி பாக்கணும். விடுதியிலயும் அப்பிடித்தான்."

ரோஸ்லெட் இலை போட்டாள். சாளை மீன் புளிமுளமும் அவியலும் சோறும் இருந்தன. ஆய்வாளர் மூன்று தடவை ருசி பார்த்தார். நாலு நாளில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது: 'மேற்படி உயிரினத்துக்கு வழங்கப்படும் உணவு தரமாக உள்ளது. புளி சற்றுக் கூடுதல். குறைத்து, ஏழு நாட்களுக்குள் அறிக்கை சமர்ப்பிக்கவும்.'

இதை வாசித்துக் காட்டியதும் ரோஸ்லெட் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குறிப்பாணை குறிப்பாணைதான். ஏழு நாள் புளி குறைந்த மீன்கறி தின்றுவிட்டு, 'குறைக்கப்பட்டது' என்று அறிக்கை அனுப்பினேன்.

இரண்டு மாதம் முடியும் சமயம், ஒரு காலை குட்டன் வெயிலுக்கு வரவில்லை. கூண்டின் மூலையில் தலையைத் தரையில் வைத்துக் கிடந்தான். முட்டை வைத்தேன், தொடவில்லை. செம்பருத்திப் பூ வைத்தேன், அதையும் தொடவில்லை. தூக்கியபோது பின்னங்கால்கள் துணி போலத் தொங்கின. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. எவ்வளவு நாளாக வீங்கியிருந்தன என்று எனக்குத் தெரியாது. தினமும் படம் எடுத்தேனே தவிர, முட்டை தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோவில் கோட்டாறுக்குக் கொண்டு போனோம். ரோஸ்லெட் அவனைத் தன் சேலை முந்தானையில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். கால்நடை மருத்துவர் தஸ்ரின் சின்ன வயதுப் பெண். வாலில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். பார்த்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"யூரிக் ஆசிட் ஏறிப்போய்க் கிடக்கு சார். மூட்டுல எல்லாம் படிஞ்சிருக்கு. என்ன குடுத்திய?"

"கீரை... பூசணி..."

"பெறவு?"

"முட்டை. தினமும் ஒண்ணு."

"செடிகொடி மட்டும் தின்னுத பிராணிக்கு முட்டையா? ஆரு சார் குடுக்கச் சொன்னது?"

"பதினேழாம் கலம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கோப்பில் எழுத முடியாது. குளுக்கோஸ் போல ஏதோ திரவம் ஏற்றினார். பிழைக்குமா என்று ரோஸ்லெட் கேட்டாள். "ஒரு வாரம் பாப்போம் சேச்சி. உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

சாயங்காலம் ஜெப்சனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான் எழுதி வச்சிட்டுத்தானே போனேன் அப்பா?"

"எழுதியிருந்தே மக்கா. ஆனா அதுல சீல் ஒண்ணும் இல்லியே."

இதை நான் வாயால் சொன்னேன். மகனிடம் சொன்னேன்.

"போனை அம்மைக்கிட்ட குடுங்க" என்றான் அவன்.

அடுத்த எட்டு நாளும் தினமும் ஆட்டோவில் கோட்டாறு போய் வந்தோம். ஐந்தாம் நாள் தபாலில் ஒரு உறை வந்தது. குட்டனுக்கு மாவட்ட அளவில் 'சிறந்த ஊட்டம் பெற்ற உயிரினம், எல்.கே.ஜி. பிரிவு' முதல் பரிசு. அறுபது நாளும் தவறாமல் முட்டைப் படம் அனுப்பியது நாங்கள் மட்டும்தானாம். உயிரினத்துடன் நேரில் வரவும் என்றிருந்தது. உயிரினம் வர முடியாத நிலையில் இருந்ததால் நான் மட்டும் போனேன்.

போகுமுன் சட்டைப் பையில் ஒரு மனு எழுதி வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அலுவலகத்தை எதிர்த்துப் பேசப் போகிறேன். நான்கு பக்கம். இரண்டு நகல்.

மிக்சிக் கடை மாடியில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு கிளிக்காரர், ஒரு வெள்ளெலிக்காரப் பெண், ஆரல்வாய்மொழியிலிருந்து ஆமையோடு வந்த ஒருவர். மீதி எல்லாம் அலுவலகத்தினர். அலுவலகத் தலைவர் கிருஷ்ணமணி மைக்கைப் பிடித்தார்.

"நான் இந்த இகுவானாவை நேரில் பார்த்ததில்லை. எந்த உயிரினத்தையும் பார்ப்பதில்லை. பார்த்தால் பாசம் வரும், பாசம் வந்தால் விதி தளரும். சிலர் கேட்கிறார்கள், முட்டை தின்னாத உயிரினம் இருக்காதா என்று. இருந்தால் படிவத்தில் அதற்கு ஒரு கலம் இருந்திருக்குமே? இருபத்திரண்டு வருடம் விடுதிகளுக்கு ஊட்டம் பார்த்தவன் நான். ஒரு மாணவன்கூட என்னிடம் வந்து குறை சொன்னதில்லை. என் அறைக்கு மாணவர்கள் வரக் கூடாது என்று முதலிலேயே உத்தரவு போட்டிருந்தேன். அந்த அமைதியைத்தான் இன்று உயிரினங்களிடமும் காண்கிறேன்."

கைதட்டினார்கள். வெள்ளெலிக்காரப் பெண்ணும் தட்டினாள். என் பெயரைக் கூப்பிட்டு ஒரு சான்றிதழும், பரிசாக ஒரு தட்டு முட்டையும் தந்தார்கள். முப்பது முட்டை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றதால் சட்டைப் பையிலிருந்த மனுவை எடுக்க முடியவில்லை. தட்டை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார் ஏசுஅடிமை.

"குட்டனுக்குச் சுகமில்லை" என்றேன். "முட்டை தின்றதால் சிறுநீரகம் கெட்டு ஒரு வாரமாக மருந்தில் கிடக்கிறது. செத்தாலும் சாகும். இந்தப் பரிசு எனக்கு வேண்டாம்."

ஆமைக்காரர் தன் ஆமையை மெல்ல மடிக்கு எடுத்துக்கொண்டார். கிருஷ்ணமணி எழுந்து வந்து என் தோளில் கைவைத்து, தட்டோடு என்னைத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, பைய உட்கார்ந்தார்.

"தண்ணி குடியுங்க சாரே. ஒண்ணு கேக்கட்டா? முட்டை குடுத்தது ஆரு? நானா?"

"உங்க படிவம் குடுக்கச் சொல்லிச்சு."

"இல்லியே." மேசையிலிருந்த படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "எடுத்து வாசியுங்க. குடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு? குடுத்தியளான்னுல்லா கேட்டிருக்கு? ஆம், இல்லை. ரெண்டும் அச்சுல இருக்கு."

"இல்லைன்னு போட்டா மேல கேள்வி வரும்னு சொன்னாவளே?"

"அது இங்ஙன வழக்கமா எல்லாருகிட்டயும் சொல்லுததாக்கும். எனக்கு மேல இந்தப் படிவத்தை வாசிக்க ஆருமில்ல சாரே. நானே வாசிக்கியதில்ல."

"நான் இல்லைன்னு போட்டிருந்தா?"

"வாங்கி வச்சிருப்போம்" என்றார் கிருஷ்ணமணி. பிறகு நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "எனக்க சர்வீசுல ஒருத்தரும் இல்லைன்னு எழுதினதில்ல. ஆராவது எழுதுவாவளான்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களும் நம்ம ஆளுதானே, சாருக்குத் தெரியாதா?"

தெரியும். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு எல்லாம் தெரியும். முட்டைத் தட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எழுதிய நான்கு பக்கமும் பையிலேயே இருந்தன. அவற்றில் 'நான்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை என்பதைப் பஸ்ஸில் படித்துப் பார்த்தபோது கண்டுபிடித்தேன். எல்லாம் 'தங்கள் அலுவலகம்'தான்.

குட்டன் சாகவில்லை. ஒன்பதாம் நாள் ரோஸ்லெட் கூண்டுக்குள் வைத்த பூசணித் துருவலை நக்கிப் பார்த்தான். பதினோராம் நாள் தானாகவே வெயிலுக்கு நகர்ந்து வந்தான். சிறுநீரகம் இனி பழையபடி ஆகாது என்றும், தண்ணீரும் கீரையும் வெயிலும் தவறாமல் கொடுத்தால் ரொம்ப நாள் ஓட்டிவிடலாம் என்றும் தஸ்ரின் சொன்னார். ஒரு பின்னங்கால் மட்டும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மரம் ஏறுவதில்லை.

மூன்றாம் மாத முடிவில் அடுத்த படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. வடசேரி மாடியில் அன்னக்கிளி முன்னால் நின்று பதினேழாம் கலத்தில் 'இல்லை' என்பதை வட்டமிட்டேன். வட்டம் வெண்டைக்காய் போல நீண்டுவிட்டது. ஐந்தாம் கலத்தில் 'பொருந்தாது' என்றும் எழுதினேன். அன்னக்கிளி தாளை வாங்கினார். பார்க்கவில்லை. முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரோடு விட்ட பேச்சைத் தொடர்ந்தார். நான் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கினேன்.

வீட்டில் ரோஸ்லெட் கேட்டாள். "என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல்ல. வாங்கி வச்சிட்டாவ."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவள் குட்டனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். முறத்தில் இருந்த முருங்கைக்கீரையை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது கீரை ஆய்வதும், பூசணி துருவுவதும், கணவாய் ஓடு பொடிப்பதும் நான்தான். ஆனால் நான் பக்கத்தில் நின்றால் குட்டன் சாப்பிடுவதில்லை. செல்போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்று பார்த்தேன், அப்போதும் இல்லை. தலையைத் திருப்பிக்கொள்கிறான். தட்டை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய், அவன் கண்ணுக்குத் தெரியாமல் நின்றால் சாப்பிடுகிறான். அரை மணி நேரம் ஆகும். நிற்கிறேன்.